மழை யார் கணக்கில்

எஸ்டிபிஎம் முடிவுகள் வந்த வாரம். இரவு பதினொரு மணி இருக்கும். சித்தி மகளிடமிருந்து வாட்சப் வந்தது. "அண்ணே, யூனில மேத்ஸ் எடுத்தா பின்னால முழுநேர வேலை கிடைக்குமா? அம்மா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க."

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு, செம்பனை ஆலைகளுக்கு எடைமேடை பொருத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். அடியில் இருக்கும் உணரிகள் எடையைச் சொல்லும். அவை சரியாகச் சொல்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. படிப்பு, வேலை, வீட்டுக்கடன் என்று எந்தக் கேள்வி வந்தாலும் உறவுக்காரர்கள் என்னிடம் தள்ளிவிடுவார்கள். நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி இருந்துவிடுவேன்.

அன்று ஒரு மணி வரை உட்கார்ந்து அவளுக்காக ஓர் அட்டவணை செய்தேன். கணிதம் சார்ந்த வேலைகள் எத்தனை, அவற்றில் முழுநேர வேலைகள் எவை, எது வளர்கிறது, எது தேய்கிறது. மறுநாள் காலையில் அனுப்பினேன். கடைசி வரியாக, "முடிவு உன்னோடது. நான் நம்பர் மட்டும்தான் காட்டுறேன்" என்று எழுதியிருந்தேன். யூபியு விண்ணப்பத்தில் முதலில் இருந்த கணிதம் மூன்றாவது இடத்துக்கு இறங்கியது. மின்பொறியியல் கிடைத்தது. இப்போது இரண்டாம் ஆண்டு. நன்றாகத்தான் படிக்கிறாள்.

போன தீபாவளிக்கு சுங்கை செம்பிலாங்கில் பாட்டி வீட்டில் கூடியிருந்தோம். ஜெராமிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற சாலையில், செம்பனையும் மீன் வாடையும் ஒன்றாக வருகிற ஊர். பாட்டி முறுக்கு டின்னைத் திறந்துகொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ள கணக்கு படிக்கணும்னுதானே சொல்லிக்கிட்டு இருந்துச்சு? நீ வேணாம்னு சொன்னியா?"

"வேணாம்னு சொல்லல பாட்டி. நம்பரக் காட்டினேன். அவளாத்தான் முடிவெடுத்தா."

"கிராணியும் அப்படித்தான்டா சொல்வாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் காரில் அந்தச் சிரிப்பு என்னோடு வரவில்லை, கேள்விதான் வந்தது. எண்ணை மட்டும் காட்டுவது என்று ஒன்று உண்டா? ஒருவருக்கு எண்ணைக் காட்டிவிட்டு, முடிவு உன்னுடையது என்று கையைக் கழுவிக்கொள்ள முடியுமா?

பாட்டி ஏன் கிராணியைச் சொன்னார் என்பது தோட்டத்தில் வளராதவர்களுக்குப் புரியாது. நானே பாதிதான் வளர்ந்தேன். எனக்கு நினைவு தெரிந்தபோது பால்மரங்கள் போய் செம்பனை வந்துவிட்டது. பாட்டி சொல்லித்தான் மீதி.

விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு செக்ரோலில் குறித்துக்கொள்வார்கள். பிறகு நிரைக்குப் போய் மரம் வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது என்பதால் இருட்டோடு இருட்டாக வெட்டி முடித்தாக வேண்டும். பத்து பதினொரு மணிக்கு மங்கு மங்காகப் பாலை ஊற்றி, காண்டாவில் இரண்டு வாளியும் தொங்க ஸ்டோருக்கு நடந்தால், அங்கே நிறுவை. கிராணி பாலை நிறுப்பார். அதோடு விடமாட்டார். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க ஒரு மிதவைக் கருவியை அதில் இறக்குவார். மெட்ரோலாக் என்று பெயர். அது எவ்வளவு அமிழ்கிறது என்பதைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். சம்பளம் அந்த எண்ணில் இருந்தது.

கணக்கு இப்படி. 24 கிலோ பால் கொண்டுவந்தால், கிராணி 30 விழுக்காடு என்று படித்தால் உலர் ரப்பர் 7.2 கிலோ. 28 என்று படித்தால் 6.72. ஒரு நாளைக்கு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் 25 நாள் வெட்டினால் 12 கிலோ. குனிந்து அளவைப் பார்க்கிற கண் கொஞ்சம் சாய்ந்தால் போதும். யாராவது கேட்டால் கிராணி, "நானா சொல்றேன்? கருவி சொல்லுது" என்பாராம். பாட்டி அவரைக் கெட்டவர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெரும்பாலான நாள் கருவி சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருப்பார். நானும் எடைமேடையில் அதையேதான் செய்கிறேன். எனக்குப் பின்னால் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. அவருக்குப் பின்னால் துரை இருந்தார்.

பாட்டியின் கோபம் வேறு இடத்தில். மழை.

மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தால் பால் மங்குக்குப் போகாமல் மரம் முழுக்க வழிந்து போய்விடும். மங்கில் விழுந்த கொஞ்சமும் தண்ணீர் கலந்து, மிதவை ஆழமாக இறங்காமல் மேலேயே நிற்கும். மூன்று மணி நேர வேலை அப்படியே போச்சு. அன்றைக்குக் கிராணி ஸ்டோரில் உட்கார்ந்து நேற்றைய கணக்கை எழுதுவார். அவருக்கு மாதச் சம்பளம். "மழ பேஞ்சா எங்களுக்குப் பட்டினி, அவருக்கு ஓய்வு" என்பார் பாட்டி. முப்பது வருடத்துக்கு மேல், ஒரு வாரமும் தவறாமல் வேலைக்குப் போனவர் அவர். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணினால் அவரைவிட முழுநேரமாய் வேலை செய்தவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவருக்குப் புதிதாக வேலை தொடங்கியது, அன்றைக்கே முடிந்தது.

முழுநேர வேலை என்றால் என்ன என்று என் தங்கை கேட்டபோது நான் மணி நேரத்தைத்தான் நினைத்தேன். சட்டமும் புள்ளிவிவரமும் அப்படித்தான் நினைக்கின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாரம் 35 மணி நேரமும் அதற்கு மேலும் முழுநேரம். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வந்த பகுதிநேரத் தொழிலாளர் விதிமுறைப்படி, அதே வேலையைச் செய்யும் முழுநேர ஊழியரின் நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேலும் 70 விழுக்காட்டுக்கு மிகாமலும் செய்கிறவர் பகுதிநேரம். நம் புள்ளிவிவரத் துறையின் கணக்கெடுப்பில், அந்த வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். இது நம் ஊர் தந்திரம் இல்லை, உலகம் முழுக்க இருக்கிற வரையறைதான். ஆனால் பாட்டியின் வரையறை இவை எதிலும் இல்லை. அவரைக் கேட்டால், மழை பெய்கிற நாளில் நட்டம் யாருக்கு என்று பார்த்தால் போதும் என்பார். நட்டம் உனக்கு இல்லையென்றால் அது வேலை. உனக்கென்றால் அது கூலி.

இனி நான் செய்த அட்டவணைக்கு வருகிறேன்.

உலகத் தொழில் வகைப்பாட்டில் 2120 என்று ஓர் எண் உண்டு. கணிதவியலாளர், காப்பீட்டுக் கணிப்பாளர், புள்ளியியலாளர் மூவரும் அதில் அடக்கம். காப்பீட்டுக் கணிப்பாளர் என்றால் ஆக்சுவரி, மனிதர் எப்போது சாவார் என்று சராசரி பார்த்து பிரிமியம் கணக்கிடுகிறவர். அமெரிக்காவில் இதையே கொஞ்சம் விரித்து 'கணித அறிவியல் தொழில்கள்' என்று ஒரு குழுவாக வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தொழிலாளர் புள்ளிவிவரப் பிரிவு வெளியிட்ட 2023 கணக்கின்படி, அந்த நாடு முழுவதிலும் கணிதவியலாளர் என்ற பெயரில் வேலையில் இருப்பவர்கள் இரண்டாயிரம் சொச்சம் பேர். புள்ளியியலாளர்கள் முப்பதாயிரத்தை ஒட்டி. தரவு அறிவியலாளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். 2023இலிருந்து 2033க்குள் அந்தக் கடைசி வகை 36 விழுக்காடு வளரும் என்று கணித்திருந்தார்கள்.

இதில் நான் தங்கைக்கு எதைக் காட்டினேன் தெரியுமா? இரண்டாயிரம் சொச்சத்தை. தடித்த எழுத்தில். "அமெரிக்கா மாதிரி நாட்டிலேயே இவ்வளவுதான்" என்று பக்கத்தில் குறிப்பு வேறு. தரவு அறிவியலாளர் வரிசையை எடுத்துவிட்டேன். அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று அப்போது எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். பயமுறுத்த அமெரிக்கா வேண்டியிருந்தது, நம்பிக்கை கொடுக்க மட்டும் அமெரிக்கா தூரமாகிவிட்டது.

எடுத்த வரிசைக்கு ஒரு நியாயமும் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தரவு அறிவியலாளர் என்ற தனிப்பெயரே அமெரிக்க வகைப்பாட்டில் 2018இல்தான் வந்தது. முன்பு வேறு வேறு பெயரில் எண்ணப்பட்டவர்களில் பலர் இந்தப் பெயருக்குள் வந்திருப்பார்கள். ஆக, 'கணித வேலைகள் பெருகுகின்றன' என்ற செய்தியில் எவ்வளவு வேலை, எவ்வளவு பெயர்மாற்றம் என்று பிரிப்பது சுலபமில்லை. கம்ப்யூட்டர் என்பதே ஒரு காலத்தில் மனிதர் பார்த்த வேலையின் பெயர். விண்வெளிப் பயணத்துக்குக் கணக்குப் போட்ட கேத்தரின் ஜான்சன் 1953இல் சேர்ந்தது அந்த வேலையில்தான். பெயர் இயந்திரத்துக்குப் போய்விட்டது, அந்த வரிசையும் அட்டவணையிலிருந்து போய்விட்டது. ஆனால் இதையெல்லாம் நான் அவளிடம் விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் வரிசையை அழித்தேன். கிராணி மிதவையைத் தொடவில்லை, எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தார். அந்த மாதிரி.

சரி, எல்லா வரிசையையும் நேர்மையாகக் காட்டியிருந்தால்? அப்போதும் கேள்வி தீராது என்றுதான் நினைக்கிறேன். ஜான் வென்னை நமக்குப் பள்ளிக்கூட வட்டங்களால் தெரியும். அவர் 1866இல் நிகழ்தகவு பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு வேடிக்கையான சிக்கல் வருகிறது. மதெய்ரா தீவுக்குப் போகும் ஆங்கிலேயரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு உடம்பு கெடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காசநோய்க்காரர் போனால் பத்துக்கு ஒன்பது பேருக்கு உடம்பு தேறுகிறது. இப்போது ஒரு ஆள் ஆங்கிலேயராகவும் காசநோய்க்காரராகவும் இருந்தால் அவருக்கு என்ன சொல்வது? போ என்றா, போகாதே என்றா? இரண்டு எண்ணும் சரி. அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று எண்கள் சொல்லாது. சொல்வது எண்ணைக் காட்டுகிற ஆள்.

என் தங்கை எந்தக் கூட்டம்? மேத்ஸ் டி பாடத்தில் ஏ எடுத்தவர்கள் கூட்டமா? கோல சிலாங்கூர் வட்டாரத்து ஆறாம் படிவ மாணவியர் கூட்டமா? அப்பா நாள் சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிற பிள்ளைகள் கூட்டமா? இந்த நாட்டில் உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் படிப்புக்குக் குறைவான வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறையே சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் பொறியியல் படித்தவர்களும் இருப்பார்கள். அந்த எண்ணையும் நான் அவளுக்கு அனுப்பவில்லை.

கூட்டத்தை எண்ணி ஆளுக்குச் சொல்கிற பழக்கம் நம் தோட்டங்களுக்குப் புதிதில்லை. 1920களின் இறுதியில் இந்தியக் குடியேற்றக் குழு மலாயாவின் சில முக்கிய வட்டாரங்களுக்குத் தரக்கூலி ஒன்றை நிர்ணயித்தது. அதற்காக ஒரு தமிழ்த் தொழிலாளிக் குடும்பம் மாதம் என்ன சாப்பிடும், என்ன உடுத்தும் என்று அரிசி முதல் துணி வரை பட்டியல் போட்டார்கள். அந்தக் கணக்கின் முடிவு ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. பின்னர் 1930இன் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. கூலி 40, 32 என்று இறங்கியது. நான் எஞ்சினியர் என்பதால் இந்த நான்கு எண்களையும் பார்த்தவுடன் வகுத்துப் பார்த்தேன். 50க்கு 40, ஐந்தில் நான்கு. 40க்கு 32, அதுவும் ஐந்தில் நான்கு. இருவருக்கும் சரியாக 20 விழுக்காடு வெட்டு. எவ்வளவு சுத்தமான கணக்கு! ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த ஏற்றத்தாழ்வு ஒரு பின்னம்கூட மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விலை விழுந்ததும் ஒரு மழைதான். அது யார் தலையில் விழ வேண்டும் என்பதைக் கணக்கு தெரிந்தவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். அந்தப் பட்டியலில் அரிசிக்கு இடமிருந்தது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டியிருந்ததே, அதற்கு எந்த வரிசையும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர் கேட்டவற்றில் கூலி உயர்வோடு அந்தச் சைக்கிளும் இருந்தது.

வகைப்பாடு பற்றிப் பேசும்போது எல்லாரும் ராமானுஜத்தை இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், ஆனால் ஒரு சின்ன விஷயத்துக்காக. 1912 மார்ச்சில் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். இன்றைய வகைப்பாட்டில் அது 2120 இல்லை, 4311, கணக்கு எழுதுகிறவர். அப்போது ஒரு புள்ளிவிவரத் துறை வந்து எண்ணியிருந்தால் முழுநேர வேலையில் இருப்பவர் என்று குறித்துக்கொண்டு போயிருக்கும். தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பவர் என்றுகூட எழுத முடியாது. அந்தக் கணக்கில் சேர உயர்கல்விச் சான்றிதழ் வேண்டும், அவரோ எஃப்ஏ தேர்வில் தோற்றவர். எந்தக் கட்டத்திலும் சிக்கல் தெரிந்திருக்காது. எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

அங்கே அவருக்கு மேலே இருந்தவர் நாராயண ஐயர். அவரும் கணிதம் தெரிந்தவர், இரவில் ராமானுஜத்தோடு உட்கார்ந்து பலகையில் கணக்குப் போட்டவர். அவரும் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் மற்றவர்களும் அவருக்காக அங்கே இங்கே பேசியதில், 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுதினால் போதும், வேறு வேலை கிடையாது. மேதைமையைக் கண்டுபிடித்த கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. கணக்கு தெரிந்த ஒரு மேலாளர், கணக்கு தெரிந்த ஒரு எழுத்தருக்குக் கணித வேலைகளின் நிலவரம் சொல்லிப் புத்தி சொல்லியிருக்கலாம். நிலவரம் நிஜமாகவே மோசம்தான். அவர் அதைச் செய்யாமல் அந்த ஆள்மேல் விழுகிற மழையில் கொஞ்சத்தைத் தடுக்க என்ன வழி என்று பார்த்தார்.

இங்கே ஒரு நண்பர் என்னை நிறுத்துவார் என்று தெரியும். "அப்ப என்ன, ஆசைப்பட்டதப் படின்னு சொல்லணுமா?" இல்லை. அதைச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம். அந்த நண்பர் கணிதம் படித்தவர், என்னைவிடத் திறமையானவர். மூன்று டியூஷன் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறார். வாரம் 50 மணி நேரம் ஆகிறது. எந்த சென்டரிலும் அவர் முழுநேர ஊழியர் இல்லை. ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம். பள்ளி விடுமுறை வந்தால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் பணம் இல்லை. ஆண்டுக் கடைசியில் அவர் முகத்தைப் பார்க்கிறபோது பாட்டி சொன்ன மழைதான் ஞாபகம் வரும். பள்ளியில் அவருக்கு 'உன் மனசு சொல்றதக் கேளு' என்று சொன்ன ஆசிரியர் நல்லவர்தான், ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

துணிந்து இறங்கு என்கிற கதைகளுக்கும் நம் வட்டாரத்தில் பஞ்சமில்லை. பெஸ்தாரி ஜெயா பக்கம், பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, அங்கே தென்னமரம் என்று தமிழ்ப் பெயரிலேயே ஒரு தோட்டம் இருக்கிறது. 1917இல் இந்நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட இடம் அதுதான். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே. பிறகு 1930இல் மலாயாவைப் பற்றிய நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினாரே, அவரேதான். நாடே ரப்பர் ரப்பர் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, அழகுக்காக வளர்த்த மரத்தை நம்பித் தோட்டம் போட்டார். அன்றைய போக்கு எதைக் காட்டியிருந்தாலும் அதைக் காட்டியிருக்காது. இன்று நான் சம்பளம் வாங்குவதே அந்த முடிவின் நீட்சியால். ஆனால் செம்பனை தோற்றிருந்தால் அவருக்கு ஒரு தோட்டத்தில் நட்டம் வந்திருக்கும், அவ்வளவே. குழி வெட்டியவர்களுக்கு அடுத்த வேளை இருந்திருக்காது. அவர் துணிந்ததை நான் குறைத்துப் பேசவில்லை. என் சித்தப்பா வீட்டுக்கு அதைப் பாடமாகச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது.

ஆகவே எண்ணைக் காட்டாமல் இருப்பதும் பதில் இல்லை. காட்டத்தான் வேண்டும். ஆனால் காட்டுகிறவன் எங்கே நின்று காட்டுகிறான்? நான் என் அறையில், மாதச் சம்பளத்தில் நின்று காட்டினேன். அவள் கணிதம் படித்து வேலை கிடைக்காமல் போனாலும் எனக்கு ஒரு காசு நட்டமில்லை. பொறியியல் படித்து வாழ்நாள் முழுக்க சலிப்போடு வேலைக்குப் போனாலும் எனக்கு நட்டமில்லை. இரண்டு பக்கமும் அவளுக்கு மழை, எனக்குக் கூரை. 'முடிவு உன்னோடது' என்ற வரி அவளுடைய சுதந்திரத்தை மதித்து எழுதியது என்று அப்போது நினைத்தேன். இப்போது படித்தால், நட்டம் உன்னோடது என்றுதான் கேட்கிறது.

என் கூரையும் பெரிசில்லை என்பது வேறு. முழுநேர ஊழியன்தான், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஒவ்வொரு நவம்பரிலும் எனக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. பிடிபிடிஎன் கடன் ஓடுகிறது, கார் கடன் ஓடுகிறது. அவளைப் பார்த்து, "நீ மேத்ஸ் எடு, வேலை கிடைக்கிற வரைக்கும் ரெண்டு வருஷம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்கிற நிலையில் நான் இருந்தேனா? இல்லை. மாதம் நூறு வெள்ளி கொடுத்திருக்க முடியும். அதையாவது சொல்லிவிட்டு அட்டவணையை அனுப்பியிருந்தால் அதன் எடை வேறாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பதினெட்டு வயதில் எனக்கும் கணிதம்தான் வேண்டும். ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணிதப் பாடத்தை ஒரு ஆசிரியர் நடத்திய விதத்தில் பைத்தியமாகத் திரிந்தேன். பிறகு யாரோ பெரியவர் சம்பள விவரம் சொன்னார், பொறியியலுக்கு மாறினேன். வருத்தப்பட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மறந்துவிட்டேன். அவள் அந்தக் கேள்வியை அனுப்பிய இரவில்தான் அது திரும்ப வந்தது. அவள் கணிதம் எடுத்து, அதில் நன்றாக வந்துவிட்டால், நான் மாறியது தேவையில்லாத ஒன்று என்று ஆகிவிடும். தரவு அறிவியலாளர் வரிசையை அழித்த விரலுக்கு இந்தப் பயம் தெரிந்திருந்தது என்று இப்போது சந்தேகிக்கிறேன். எனக்கு அன்று தெரியவில்லை.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி சுங்கை செம்பிலாங் போனேன். அவளும் வந்திருந்தாள். வெளியே கொட்டகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வரிசையை அழித்தேன், எதைத் தடித்த எழுத்தில் போட்டேன், எதை அனுப்பவே இல்லை. என்னுடைய பழைய கதையையும் சொன்னேன்.

அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "தெரியும் அண்ணே. நீங்க அனுப்புன அன்னைக்கே தேடிப் பாத்தேன். அந்த வரிசை இருந்துச்சு" என்றாள்.

"பின்ன ஏன் மாத்துன?"

"அப்பாவுக்கு அப்ப முதுகு வலி. மூணு வாரம் லாரி எடுக்கல. சம்பளம் இல்ல. அம்மா சீட்டுக் கட்டல. நீங்க அனுப்புனத அம்மாகிட்ட காட்டுனேன், அவங்களுக்கு நிம்மதியா இருந்துச்சு. சரின்னு மாத்திட்டேன்."

என் அட்டவணை அவளை மாற்றவில்லை. ஏற்கெனவே மாறிவிட்டவள் அம்மாவிடம் காட்ட ஒரு தாள் வேண்டியிருந்தது, அது நான் அனுப்பியதாக இருந்தது. இது எனக்கு ஆறுதலா என்று இன்னும் தெரியவில்லை. குற்றம் குறைந்த மாதிரியும் இருக்கிறது, அந்த மூன்று வாரம் சித்தப்பா வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாமல் எத்தனை இலக்கம் துல்லியமாக அட்டவணை போட்டேன் என்று நினைத்தால் கூடின மாதிரியும் இருக்கிறது.

"இப்ப மேத்ஸ் எதுவும் படிக்கிறியா?" என்று கேட்டேன்.

"சிக்னல்ஸ் பாடம் முழுக்க மேத்ஸ்தானே. கிளாஸ்ல எல்லாரும் திட்டுவாங்க, எனக்கு அது ஒண்ணுதான் பிடிக்கும். லெக்சரர் நிரூபணத்த ஸ்கிப் பண்ணிடுவாரு. நான் வீட்ல போட்டுப் பாப்பேன்." கைபேசியில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தாள், காட்டினாள். நான்காவது வரியில் எனக்குப் பிடி விட்டுப்போச்சு. அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

உள்ளேயிருந்து அவள் தம்பி வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். ஐந்தாம் படிவம். கணக்கில் சுமார். "அண்ணே, நெக்ஸ்ட் எனக்கும் அந்த டேபிள் செஞ்சு குடுங்க" என்றான். என்ன படிக்கணும் என்று கேட்டேன். அப்பா மாதிரி லாரி ஓட்டணுமாம், ஆனால் சொந்த லாரி. அதற்கான எண்கள் என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு போய், எங்கள் எடைமேடைக்கு வருகிற லாரிக்காரர்கள் நாலு பேரிடம் விசாரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.